அகன்று நின்ற கால்கள்

பிள்ளைகளுக்கு நிற்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் கணவருக்கும் எனக்கும் பிழைப்பாக இருந்தது. அவர் கராத்தே மாஸ்டர், சிலம்பமும் தெரிந்தவர். நான் டேக்வாண்டோ சொல்லிக்கொடுப்பவள். கொடைக்கானலில் ஏரிக்குப் பின்னால் மேடேறும் சாலையில், எப்போதோ மிஷன்காரர்கள் கட்டிப்போட்ட கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து இருவரும் வகுப்பு நடத்தினோம். காலையில் அவர், மாலையில் நான். சிமெண்டுத் தரை. மார்கழியில் வெறுங்காலோடு அதில் நிற்க முடியாமல் பிள்ளைகள் ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

எந்தச் சண்டைக் கலையானாலும் முதலில் கையைப் பற்றிப் பேசுவதில்லை, காலைப் பற்றித்தான் பேசுவார்கள். எவ்வளவு அகலமாக வைப்பது, எந்தக் காலில் பாரத்தைப் போடுவது, எந்த முட்டி மடங்க வேண்டும், எது நீள வேண்டும். இதை நிலை என்கிறோம். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லா நிலையும் ஒன்றுபோலத் தெரியும். எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அதை வைத்துத்தான்.

அவரை நான் முதலில் பார்த்தது திண்டுக்கல்லில் நடந்த ஒரு போட்டியில். நான் கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடும் குடும்பத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது டேக்வாண்டோ கற்று, பிறகு உடற்கல்வி படித்துக்கொண்டிருந்தேன். அவர் பழனி அடிவாரத்தில் திருநீறும் மாலையும் விற்கும் கடைக்காரரின் மகன். பாலசமுத்திரத்தில் சிலம்பம் பழகிவிட்டு, அப்புறம் கராத்தேக்கு வந்தவர். என் ஆட்டம் முடிந்து நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "ஜெயிச்சிட்டீங்க, சந்தோசம். ஆனா நீங்க நிக்கிற நிலையில யாராச்சும் தோள்ல கை வச்சாலே சாஞ்சிருவீங்க" என்றார்.

"கை வைக்கிற தூரத்துக்கு யாரையும் விடுறதில்லைங்க" என்றேன்.

அதற்கு அவர் சிரித்த சிரிப்பில்தான் எல்லாம் தொடங்கியது. இரண்டு வீட்டிலும் முணுமுணுத்தார்கள், அப்புறம் அடங்கினார்கள். பழனியில் கல்யாணம். கொடைக்கானலில் குடித்தனம்.

டேக்வாண்டோவில் நிலை உயரமானது, குறுகலானது. குதிகால் தரையை அழுத்தாது. உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருக்கும். எந்த நொடியும் ஒரு கால் மேலே போக வேண்டும் என்பதால் தரையில் அதிகம் வேர்விட மாட்டோம். கராத்தே அதற்கு நேர்மாறு. முன்னங்கால் முட்டி மடங்கி, பின்னங்கால் கம்பிபோல நீண்டு, இடுப்பு தாழ்ந்து இருக்கும் முன்நிலை. இரண்டு கால்களையும் நன்றாக அகட்டி, முதுகை நேராக வைத்து, குதிரைமேல் உட்கார்ந்ததுபோல இறங்கும் குதிரை நிலை. பாரம் முழுவதையும் பின்னங்காலில் வைத்து, முன்னங்கால் விரல்களால் மட்டும் தரையைத் தொடும் பூனை நிலை. சிலம்பத்தில் நிலை என்பது ஒரு மூச்சு நேரம்தான். கம்பு சுற்றச் சுற்றக் கால் மாறிக்கொண்டே இருக்கும்.

என் நிலையைப் பார்த்து அவர், இது நிற்பது இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பது என்பார். நான் அவருடையதை ஏரில் பூட்டிய மாடு என்பேன். எங்கள் மகள் இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூடத்தில் வத்தலக்குண்டிலிருந்து வந்து பாக்ஸிங் சொல்லிக்கொடுத்தவரிடம் போய்ச் சேர்ந்தாள். இடது தோளை முன்னே போட்டு, மோவாயைத் தாழ்த்தி, வலது குதிகாலைத் தூக்கி நிற்பாள். ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக நின்றோம். சமையலறையில் பாத்திரம் கழுவும்போதுகூட அவரவர் நிலையில்தான் நிற்போம் என்று விருந்தாளி ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

அவருடைய அழகு பூனை நிலையில் இருந்தது. கனத்த மனிதர். ஆனால் அந்த நிலையில் நிற்கும்போது முன்னங்காலில் எடையே இருக்காது. பிள்ளைகள் அவர் முன்னங்காலுக்கு அடியில் ஒரு தாளை வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். தாள் கிழியாமல் வந்துவிடும். புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் செய்து பார்க்க வேண்டும். அவரும் சலிக்காமல் நிற்பார்.

ஒருநாள் காலை நான் கூடத்துச் சாவியை வாங்கப் போனேன். அவர் பூனை நிலை காட்டிக்கொண்டிருந்தார். முன்னங்கால் குதி தரையில் இறங்கியது. தூக்கினார். மறுபடி இறங்கியது. பிள்ளைகள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவரும் நான் கவனித்ததைக் கவனித்தார். வீட்டுக்கு வந்ததும், குளிர் கண்டபடி இருக்கு, தரை சில்லிட்டுக் கெடக்கு என்று தானாகவே சொன்னார். நானும் ஆமாம் என்றேன். கோடைக்காலம் அது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. திரும்பும்போது ஒரு அடி தள்ளிப்போகும். படி இறங்கும்போது கை சுவரைத் தேடும். சிலம்பம் சுற்றும்போது கம்பு ஒருமுறை அவர் காதிலேயே பட்டது. பேச்சில் சில எழுத்துகள் குழைந்தன. மூன்று என்று எண்ணும்போது நாக்கு தடுக்கியது. நடக்கும்போது கால்களை அகட்டி வைக்க ஆரம்பித்தார். கராத்தேக்காரர் என்பதால் ஊரில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பேச்சுதான் தெரிந்தது.

பெல்ட் தேர்வு வைத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் எல்லாரும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நடுவில் நின்று வணக்கம் சொல்லக் குனிந்தவர், நிமிரும்போது தள்ளாடி, முன்வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளையின் மேல் சாய்ந்துவிட்டார். பிள்ளைக்கு அடி இல்லை. ஆனால் அதன் அப்பா எழுந்துவிட்டார். டாக்ஸி ஓட்டுகிறவர், எங்களுக்கு நன்றாகப் பழக்கம். அவர் சத்தம் போடவில்லை. என்னிடம்தான் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. மாஸ்டரு இப்பல்லாம் வெள்ளனேயே ஆரம்பிச்சிடுறாருபோல. பொம்பளப் புள்ளைகள அனுப்புறோம், கொஞ்சம் பாத்துக்கங்க."

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் அங்கே வந்துவிட்டார். அது அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்த மனிதரின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினார். எல்லார் முன்னாலும். டாக்ஸிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மோந்து பாருங்க. நல்லாப் பாருங்க" என்றார் இவர். அந்த வார்த்தையே குழறலாக வந்தது.

அடுத்த வாரம் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அவர் பகுதி நேரமாகப் போய்க்கொண்டிருந்த பள்ளியிலும், இந்த வருடம் யோகா மட்டும் போதும் என்று முடிவெடுத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். யாரும் குடிகாரன் என்று சொல்லவில்லை. மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார்.

மதுரைக்கு டாக்டரிடம் போகலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் மலை இறங்கும்போதுதான் காரணம் தெரிந்தது. வளைவுகளில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அப்பாவைப் பற்றி அதிகம் பேசியதில்லை. குடித்துக் குடித்துச் செத்தார் என்றுதான் குடும்பத்தில் எல்லாரும் சொல்வார்கள்.

"குடிச்சாருதான், இல்லேங்கல" என்றார். "ஆனா தள்ளாட ஆரம்பிச்சப்புறம்தான் குடிச்சாரு. முன்னாடி தொட்டதே இல்ல. எல்லாரும் குடிகாரன்னு சொல்லுறாக, குடிச்சாத்தான் என்னன்னு ஒருநாள் அம்மாகிட்ட சொன்னாரு. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

ஒரு பங்குனி உத்திரத்துக்கு அவர் அப்பா காவடி எடுத்திருக்கிறார். படியேறும் இடத்தில் கால் பின்னியதைப் பார்த்து, குடித்துவிட்டுக் காவடி தூக்கலாமா என்று கூட்டத்தில் இருந்தவர்கள் காவடியை வாங்கி வேறொருவர் தோளில் வைத்துவிட்டார்கள். அன்று அவர் விரதம். பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தார். அதற்கப்புறம் அந்த மனிதர் மலை ஏறவே இல்லை. கடையில் உட்கார்ந்து, மேலே போகிறவர்களுக்குத் திருநீறு விற்றுக்கொண்டிருந்தார், அதுவும் முடியாமல் போகும் வரை.

"எனக்கும் அதுதான்" என்றார் என் கணவர். "எனக்கு அப்பவே தெரியும். குதிகால் எறங்குன அன்னிக்கே தெரியும்."

மதுரையில் டாக்டர் ஒரு பெண். என்னைவிட இளையவர். நிதானமாகப் பேசினார். மூக்கைத் தொடச் சொன்னார், விரலைத் தொடச் சொன்னார். கண்ணை அப்படியும் இப்படியும் உருட்டச் சொன்னார். பிறகு என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். கராத்தே என்றதும் முகம் மலர்ந்து, அப்படியா, எப்படி நிற்பீர்கள் என்று காட்டுங்கள் என்றார்.

அவர் குதிரை நிலையில் இறங்கினார். பாறைபோல நின்றார். டாக்டர் அவர் தோளை மெல்லத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. எனக்கு நெஞ்சில் ஒரு சின்ன நம்பிக்கை ஏறியது. எல்லாம் நம் கற்பனைதானோ, நரம்பில் ஏதோ சத்துக்குறைதானோ என்று.

"நல்லா நிக்கிறீங்க" என்றார் டாக்டர். "இப்ப ரெண்டு காலையும் சேர்த்து வச்சு நில்லுங்க. கண்ண மூட வேண்டாம். சும்மா நின்னாப் போதும்."

கால்களைச் சேர்த்து நிற்பதை நாங்கள் ஒரு நிலையாகவே எண்ணுவதில்லை. எல்லாக் கலையிலும் அது இருக்கிறது. வகுப்பு தொடங்கும்போது நிற்கும் நிலை அது. கராத்தேயில் வணங்குவதற்கு முன், டேக்வாண்டோவில் மாஸ்டர் கட்டளை கொடுத்ததும், சிலம்பத்தில் மண்ணைத் தொடுவதற்கு முன். பள்ளியில் பிரேயரில் எல்லாப் பிள்ளைகளும் நிற்பது. அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

அவர் வலது காலை இடது காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். உடம்பு மரம்போல ஆடியது. கைகள் தானாக விரிந்தன. டாக்டரும் நானும் ஒரே நேரத்தில் பிடித்தோம். இன்னொரு தடவை என்று என் கணவர் கேட்டார். டாக்டர் வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. மறுபடி சேர்த்தார். மறுபடி பிடித்தோம். மூன்றாம் தடவை முயன்றபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபத்தில் வந்த தண்ணீர் அது. என் கணவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சிறுமூளை சுருங்கும் நோய் என்றார் டாக்டர். தலைமுறையாக வருவது. மெதுவாகத்தான் போகும். நிறுத்துவதற்கு மருந்து இல்லை. உடற்பயிற்சி செய்யச் செய்ய நடக்கிற காலத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். கால்களை அகட்டி வைப்பது அவர் கற்ற கலையால் மட்டுமல்ல, விழாமல் இருக்க உடம்பு தானாகக் கண்டுபிடித்த வழி அது என்றும் சொன்னார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

ஒரு மகள் என்றேன். கோயம்புத்தூரில் படிக்கிறாள்.

டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் சொல்லாமலே புரிந்தது. ஆனாலும் சொன்னார். அவளுக்கு வரவும் வாய்ப்புண்டு, வராமல் போகவும் அதே அளவு வாய்ப்புண்டு.

திரும்பி வரும் பஸ்ஸிலும் அவர் கம்பியை விடவில்லை. பெருமாள்மலைக்கு வந்ததும் பனி இறங்கிவிட்டது. கண்டக்டர் ஜன்னல்களை மூடச் சொன்னார்.

ஊருக்கு வந்த மறுநாளே அவர் மிச்சமிருந்த பிள்ளைகளையும், வராமல் நின்றுபோன பிள்ளைகளின் பெற்றோர்களையும் கூப்பிட்டு அனுப்பினார். குதிரை நிலையில் நின்றுகொண்டு, தனக்கு என்ன நோய் என்று எல்லாரிடமும் சொன்னார். பேச்சு குழறினால் சிரிக்க வேண்டும் என்றால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் காலைப் பாருங்கள், கால் சரியாகச் சொல்லும் என்றார். டாக்ஸிக்காரரும் வந்திருந்தார். முடிந்ததும் என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அடுத்த நாளிலிருந்து காலையில் எங்களைக் கூடத்தில் இறக்கிவிடும் சோலியைத் தானே எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் சில வருடங்கள் அவர் வகுப்பு நடத்தினார். முதலில் பூனை நிலையை விட்டார். மூத்த மாணவர்களைக் காட்டச் சொல்லி, தான் பக்கத்தில் நின்று திருத்தினார். பிறகு முன்நிலை போனது. அதில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரம் மாறும்போது விழுந்துவிடுவார். குதிரை நிலை மட்டும் நெடுநாள் இருந்தது. சுவரில் முதுகைக் கொடுத்து, கால்களை முன்னே தள்ளி, அதில் நின்றபடியே ஒரு வகுப்பு முழுவதையும் நடத்துவார். கால் நடுங்க ஆரம்பித்ததும் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, அங்கிருந்தே எண்ணுவார். ஜப்பான் எண்கள் அவர் வாயில் குழைந்து வேறு ஏதோ மொழியாகிவிட்டன. பிள்ளைகள் அந்தக் குழைந்த எண்களையே கற்றுக்கொண்டன. வெளியூர்ப் போட்டிக்குப் போனபோது அங்கே எல்லாரும் விழித்தார்களாம்.

தொடக்கத்தில் நாங்கள் இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் கடந்தோம். வீட்டில் அவர் விழும்போது, ஜூடோக்காரர்கள் விழுவதைப்போல மோவாயை நெஞ்சில் வைத்துக் கையால் தரையை அடித்து விழப் பழகிக்கொண்டார். நன்றாக விழுந்தால் நான் கைதட்டுவேன். பிறகு விழுந்தவர் எழ முடியாமல் போனது. அப்போது கைதட்டல் நின்றது.

நடக்க முடியாமல் நாற்காலிக்கு வந்த பிறகுதான் எனக்கு வேலை ஆரம்பித்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, திரும்ப நாற்காலிக்கு. அவர் என்னைவிட மிகவும் கனம். முதலில் என் பழக்கப்படியே, கால்களைக் கிட்டக் கிட்ட வைத்து, பக்கவாட்டில் நின்று தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒருநாள் இருவரும் சேர்ந்து விழுந்தோம். அடிபடவில்லை, ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் தரையிலேயே கிடந்தோம்.

பிஸியோதெரபி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்தாள். உங்கள் ஒரு காலை அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் வையுங்கள், முட்டியை மடக்குங்கள், இன்னொரு காலைப் பின்னே நீட்டி ஊன்றுங்கள், முதுகை வளைக்காதீர்கள், இடுப்பை இறக்குங்கள், கையால் தூக்காதீர்கள், காலால் எழுந்திருங்கள் என்றாள். நான் அப்படியே செய்தேன். என் தோளில் மோவாயை வைத்திருந்த அவர் சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு குலுங்கியதில் அவரை விட்டுவிடப் பார்த்தேன்.

அவர் சிரித்ததன் காரணம் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அது கராத்தே முன்நிலை. ஏரில் பூட்டிய மாடு என்று இத்தனை வருடம் நான் கேலி செய்த நிலை.

அன்றிலிருந்து அவர் எனக்கு மாஸ்டராகிவிட்டார். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் என் காதுக்குப் பக்கத்திலிருந்து குழறலாகச் சொல்வார். "முட்டிய மடக்கு. இன்னும் எறங்கு. பின்கால் குதி தூக்குது பாரு, அமுக்கு." நான் இறங்குவேன். "ம்ம். இப்ப எந்திரி." எழுவேன். அவரும் என்னோடு எழுவார். இரண்டு பேரும் ஒரு நொடி அப்படியே கட்டிப்பிடித்ததுபோல நிற்போம். அவர் கால்கள் அகன்று, என் கால் அவற்றின் நடுவே. அந்த ஒரு நொடியில் அவர் உயரம் மறுபடி பழைய உயரமாக இருக்கும். என்னைவிட ஒரு தலை உயரம். நாற்காலியில் பார்த்துப் பார்த்து அதை மறந்துபோயிருப்பேன். சில நாட்கள் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிற்க வைப்பேன். இடுப்பு வலிக்கும். அவரும் உட்காரவைக்கச் சொல்லமாட்டார்.

மகளிடம் அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. அவர்தான் சொன்னார், நடக்க முடிந்த நாளிலேயே. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தவளைக் கூடத்துக்கு அழைத்துப்போய், தரையில் எதிரே உட்காரவைத்துச் சொன்னார். நானும் இருந்தேன்.

"எங்கப்பாவுக்கு இருந்துச்சு. எனக்கு வந்துருச்சு. உனக்கு வரலாம், வராமலும் போலாம்மா. ரத்தம் கொடுத்தா முன்னாடியே தெரிஞ்சுக்கலாமாம். பாக்கணுமா வேணாமாங்கிறது உன் இஷ்டம். நானும் அம்மாவும் எப்பவும் கேக்க மாட்டோம்."

அவள் அழவில்லை. எழுந்து வெளியே போனாள். ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு மதியத்துக்கு மேல் வந்தாள். தலைமுடியெல்லாம் நனைந்திருந்தது. வாசலில் நின்றபடியே, சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று அப்பாவிடம் கேட்டாள்.

"எங்கப்பாவுக்கு என்ன வந்திருக்குன்னே தெரியாது. அதனால சொல்லல" என்றார். "எனக்குத் தெரிஞ்சு போச்சே."

அவள் அதன்பின் பாக்ஸிங் பக்கம் போகவில்லை. கையுறைகளை அந்த மாஸ்டரிடமே கொடுத்துவிட்டாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கமாட்டோம் என்று சொன்ன வாக்கு இதற்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டோம். படிப்பு முடித்துக் கோயம்புத்தூரிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். மாதம் ஒருமுறை வருவாள். வந்தால் அப்பாவைத் தூக்குவது அவள்தான். என்னைவிட நன்றாகத் தூக்குவாள். அவளிடம் அவர் எந்தத் திருத்தமும் சொன்னதில்லை. அவள் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

கடைசியில் விழுங்குவதுதான் கஷ்டமாகப் போனது. கஞ்சி புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். ஒரு ஐப்பசி மழையில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்ஸிக்காரர்தான் ஓட்டினார். வழியில் சாலையின் குறுக்கே மரம் விழுந்து வண்டிகள் நின்றுவிட்டன. இறங்கிப் போய் மற்றவர்களோடு சேர்ந்து கிளைகளை இழுத்துப்போட்டு வழி ஏற்படுத்தினார். ஆஸ்பத்திரியில் என் கணவர் சில நாள் இருந்தார். பேச முடியவில்லை. மகள் வந்து கையைப் பிடித்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு மதியம், நான் கீழே மருந்து வாங்கப் போன நேரத்தில் போய்விட்டார். மகள் பக்கத்தில் இருந்தாள். மூச்சு மெதுவானது, பிறகு இல்லை என்று மட்டும் சொன்னாள். பயந்தாரா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

பழனியில்தான் எல்லாம் நடந்தது. குளிப்பாட்டி வேட்டி கட்டிய பிறகு, உறவுக்காரர் ஒருவர் வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது வழக்கம். எனக்கு அது தெரியும். எத்தனையோ சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த உறவுக்காரர் இரண்டு பாதங்களையும் பிடித்து ஒன்றாகச் சேர்த்தபோது என்னால் இருக்க முடியவில்லை. எழுந்துபோய் வேண்டாம், கட்டாதீர்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கட்டாமல் விடக்கூடாதும்மா, அப்படியே விட்டா ஆகாது என்று பதமாகத்தான் சொன்னார். மகள் வந்து என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவர் கட்டினார். என் கணவரின் கால்கள் சேர்ந்து, ஆடாமல் இருந்தன. சுற்றியிருந்தவர்களுக்கு அது வெறும் சடங்கு. மகளும் நானும் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கூடத்தை நான் விடவில்லை. காலை வகுப்பை அவருடைய பழைய மாணவி ஒருத்தி நடத்துகிறாள். மாலையில் நான். என் முட்டிகள் முன்போல இல்லை, உயரமாகக் கால் தூக்க முடிவதில்லை. கராத்தேக்காரி மாதிரி நிற்கிறீர்கள் மேடம் என்று பிள்ளைகள் சொல்கின்றன.

போன தீபாவளிக்கு வந்தபோது மகள் கல்யாணப் பேச்சை எடுத்தாள். கூட வேலை பார்க்கும் பையன். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாளாம். அவன் யோசிக்கக் கொஞ்சநாள் கேட்டிருக்கிறான். யோசித்துவிட்டு வந்து சரி என்றிருக்கிறான். அவன் வீட்டில்தான் இன்னும் சரி என்று வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்களா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். அவளே சொன்னாள்.

"நான் பாக்கலம்மா. பாக்கவும் மாட்டேன். அப்பா அம்பது வரைக்கும் தெரியாமத்தான நல்லா இருந்தாரு? எனக்கும் அது வேணும்."

மறுநாள் மாலை வகுப்பை முடித்துக்கொண்டு இருவரும் கூடத்திலிருந்து இறங்கினோம். மழை விட்டிருந்தது. யூகலிப்டஸ் இலைகள் சரிவில் ஒட்டிக் கிடந்தன. அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒரு திருப்பத்தில் அவள் கால் வழுக்கியது. கைகள் இரண்டும் விரிந்தன. ஒரு அடி பக்கவாட்டில் போய், கால்களை அகட்டி, நின்றுகொண்டாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"மழை பெஞ்சிருக்கும்மா" என்றாள். "எல்லாருக்குந்தான் வழுக்கும்."

ஆமாம் என்றேன். வெரசா வா, கடை அடைச்சிருவாக என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நடந்தாள். பால் வாங்க வேண்டியிருந்தது. நான் சாலையோரச் சுவரைப் பார்த்தேன், எதிரே வந்த ஜீப்பைப் பார்த்தேன், பனி ஏறிக்கொண்டிருந்த ஏரியைப் பார்த்தேன். கண் அவள் கால்களுக்கே போனது.